கதவைத் தட்டியவர்

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னபோது நான் குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். அவருக்குத் துறைமுகத்தில் கிரேன் வேலை. அன்று காலை ஷிப்டுக்குப் போனவர் பத்து மணிக்கெல்லாம் திரும்பிவிட்டார். தோளில் ஒரு பழைய கப்பல் கயிறு.

"கப்பலையெல்லாம் வெளிய அனுப்சிட்டாங்கோ. கட்டி வெச்சா ஒண்ணோட ஒண்ணு இடிச்சிக்கும். நடுக்கடல்தான் அதுங்களுக்கு பத்திரம்" என்றார்.

"நாம எங்க போறது?"

"எங்கியும் வாணாம். நம்ம வூடு தாங்கும்."

கல்யாணமாகி இரண்டு வருஷம். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிய காலம் அது. மாதா கோயில் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடலாம் என்று மனதுக்குள் இருந்தது. சொல்லவில்லை.

ராயபுரத்தில் எங்கள் வீடு ஒரே அறை, பின்னால் சமையல்கட்டு, நாட்டு ஓட்டுக் கூரை. வாசல் கடல் இருந்த திசையைப் பார்த்தது. அவர் கயிற்றைக் கூரைக்கு மேலே வீசி இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினார். நான் கஞ்சி காய்ச்சி வைத்தேன், இரண்டு குடம் தண்ணீர் பிடித்தேன், குழந்தையின் துணிகளைத் தகரப் பெட்டியில் போட்டேன். மத்தியானத்துக்குள் தெருவில் ஆள் நடமாட்டம் நின்றுவிட்டது. அவர் வாசல் கதவைத் தாழிட்டு, அம்மிக்கல்லை நகர்த்தி முட்டுக் கொடுத்தார்.

காற்று அலறும் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். எனக்கு அது பெரிய லாரி ஒன்று வீட்டின் மேலேயே நின்று உறுமுவது போல இருந்தது. சமையல்கட்டுப் பக்கம் ஓடுகள் ஒவ்வொன்றாகக் கிளம்ப, அங்கே மழை நேராக அடுப்பில் விழுந்தது. கட்டிலுக்கு அடியில் பாயை விரித்துக் குழந்தையோடு படுத்துக்கொண்டு ஜெபமாலை சொன்னேன். எத்தனையாவது மணியை உருட்டுகிறேன் என்பது தவறித் தவறிப் போயிற்று.

அப்போதுதான் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"யாரோ தட்றாங்க."

"காத்து."

மறுபடி மூன்று தட்டு. கொஞ்சம் நின்று, இன்னும் மூன்று.

"காத்து இப்படி நிறுத்தி நிறுத்தியா தட்டும்?"

அவருக்கும் தெரிந்துவிட்டது. முதுகைக் கதவில் கொடுத்து நின்றுகொண்டார். "இத்தத் தொறந்தா காத்து உள்ள பூந்து ஓட்ட மொத்தமா தூக்கிடும். புள்ள கீது" என்றார். பிறகு கதவிடுக்கில் வாயை வைத்து, "பின்னால வா! பின்னால வா!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

நான் பின்கதவுக்கு ஓடினேன். திறந்து பார்த்தேன். சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். யாரும் வரவில்லை. திரும்பி வந்தபோது தட்டல் நின்றிருந்தது. அவர் அப்படியே கதவில் சாய்ந்து நின்றார். பொழுது சாய்கிற வரைக்கும் அங்கிருந்து நகரவில்லை.

காற்று அடங்கியதும் அம்மிக்கல்லைத் தள்ளிவிட்டு வெளியே போனார். ஒவ்வொரு வீடாகக் கேட்டுக்கொண்டு போவதை வாசலில் நின்று பார்த்தேன். குப்பத்துச் சனமெல்லாம் பள்ளிக்கூடத்தில் பத்திரம் என்றார்கள். கடைசியாக எதிர்வீட்டு பாய் வெளியே வந்தார். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருந்தவர். தெருவிலேயே அவருடையது ஒன்றுதான் மாடி வைத்த மெத்தை வீடு. வலது மணிக்கட்டில் துணி சுற்றி, கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்.

"நான்தாங்க தட்டினேன்" என்றார். "கைக்குழந்தை இருக்கே, நம்ம வீட்டுக்குக் கூட்டி வந்துடுங்கன்னு வீட்ல சொன்னாங்க. காத்து இரைச்சல்ல உள்ளேருந்து பதிலே கேக்கல. கோயிலுக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சித் திரும்பினேன். திரும்பும்போதுதான் காத்து தள்ளிடுச்சு."

தஞ்சம் கேட்டு யாரோ வந்தார்கள் என்று மத்தியானம் முழுக்க நினைத்துக் குமைந்திருந்தோம். வந்தவர் எங்களுக்குத் தஞ்சம் கொடுக்க வந்திருக்கிறார்.

ஆமாம், கோயிலுக்குப் போயிருந்தோம் என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கலாம். சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

"உள்ளதான் இருந்தோம் பாய். கேட்டுச்சு. தொறக்கல."

பாய் எங்கள் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு, "குழந்தை நல்லா இருக்குல்ல?" என்றார்.

என் வீட்டுக்காரர் செய்தது சரிதான் என்று இப்போது எனக்குத் தெரியும். கதவைத் திறந்திருந்தால் பாயும் உள்ளே வந்திருப்பார், கூரையும் எல்லோர் தலையிலும் விழுந்திருக்கும். ஆனாலும் நானாக இருந்தால் திறந்திருப்பேன் என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை அவரிடம் கோபத்தில் ஒரு தடவை சொல்லியும் இருக்கிறேன். அன்றைக்கு நான் ஓடியது பின்கதவுக்கு. முன்கதவுத் தாழ்ப்பாள் பக்கம் நான் போகவே இல்லை. இது எனக்கு உறைக்க அவர் காலமாக வேண்டியிருந்தது.

ஓடு மாற்றி முடியும் வரை பதினொரு நாள் பாய் வீட்டு மாடி அறையில் இருந்தோம். அவருக்குக் கை எலும்பு கூடுகிற வரைக்கும் என் வீட்டுக்காரர் காலையில் வேலைக்குப் போகும் முன் அவர் கடைக்குப் போய்க் கதவுப் பலகைகளை எடுத்து வைத்துவிட்டுப் போனார். பாயின் மனைவியோடு அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. முதல் நாளே என் கையிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டு, "போய்த் தூங்கும்மா, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு" என்றார். தூங்கினேன். எழுந்தபோது குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.