ஏழு நிறச் சோறும் ஒரு கேவுரு அடையும்

எங்கள் அப்பா எங்களை விட்டுப் போய் இந்த ஆடியோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உற்றார் உறவினருக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம். அப்பாவைப் பற்றி எழுது என்று தம்பி சொன்னபோது, நல்லவர், வல்லவர் என்று நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. நல்லவர்தான், யார் இல்லை என்றது? ஆனால் வீம்புக்காரர். அந்த வீம்பு ஒருமுறை என் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது. அதை எழுதாமல் வேறு எதை எழுதுவது?

படப்பைக்கு அருகில் ஓர் ஏரிக்கரைச் சிற்றூரில் அப்பா பிறந்தார். அவருடைய தந்தையார் சீக்கிரமே காலமாகிவிட, பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் அடுத்தவர் மாட்டை மேய்த்தார். கூலியாகக் காசு கிடையாது. மாட்டுக்காரர் வீட்டுப் பின்வாசலில் போய் நிற்கவேண்டும். முந்தைய நாள் மிஞ்சிய கேவுரு கூழைத் தகரக் குவளையில் தூக்கி ஊற்றுவார்கள். கேழ்வரகை எங்கள் பக்கம் கேவுரு என்போம்.

பிற்பாடு மறைமலை நகர்த் தொழிற்சாலை ஒன்றில் லோடிங் வேலை கிடைத்து, நிரந்தரமும் ஆனது. அன்றைக்கே பொன்னி அரிசி ஒரு மூட்டை வீட்டில் வந்து இறங்கியது. கூழ்ப் பானை வெளியே போனது. அதன்பிறகு மூன்று வேளையும் வெள்ளைவெளேரென்று சோறுதான். ஆடி மாதம் அம்மன் கோவிலில் கூழ் வார்க்கும்போதுகூடக் குவளையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் நிற்பவர் கையில் தள்ளிவிடுவார். சாமி குத்தம் ஆகிவிடும் என்று அம்மா பதறுவார்கள். சாமிக்கு என்னைத் தெரியும் என்பார் அப்பா.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு நான் தலைப்பிரசவத்துக்கு இருந்தேன். வாந்தியும் மயக்கமுமாய்க் கிடந்தவளை அப்பா தாம்பரத்தில் இருந்த என் மாமியார் வீட்டிலிருந்து அழைத்து வந்துவிட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சம்மா என் விரலைக் குத்தி, கண்ணாடிக் குழாயில் ரத்தத்தைப் பார்த்தார்கள். இருக்கவேண்டியதில் பாதிதான் இருந்தது. இப்படியே போனால் பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போனாலும் இந்தப் பெண் தாங்காது என்று மறைக்காமல் சொல்லிவிட்டார்கள்.

அன்று முதல் அப்பா ஓவர்டைம் பார்க்க ஆரம்பித்தார். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போதெல்லாம் கையில் பை இருக்கும்: ஆப்பிள், திராட்சை, பன், டப்பாவில் அடைத்த சத்துப் பொடி. நான் சோறு தின்று முடித்த கையோடு அவரே சூடாக டீ போட்டுக் கொடுப்பார். பெண்ணை எப்படித் தாங்குகிறார் பார் என்று தெருவே பேசியது. கொஞ்சம் முருங்கைக்கீரை பறித்து வதக்கிப் போடட்டுமா என்று அம்மா மெதுவாகக் கேட்டதற்கு ஒரு கத்து கத்தினார்.

"வேலியில மொளைக்கிறதத் துன்ன வெக்கவா நான் ஓவர்டைம் பாத்துகினு கீறேன்?"

அடுத்த முறை பார்த்தபோது ரத்தம் இன்னும் இறங்கியிருந்தது. எனக்குக் கொல்லைக்குப் போய் வந்தாலே மூச்சு இரைத்தது, உதடெல்லாம் வெளுத்துவிட்டது. அப்பா அந்தக் கண்ணாடிக் குழாயே சரியில்லை என்று நர்சம்மாவிடம் சண்டைக்குப் போனார். அவர்கள் கோபப்படவில்லை. பெண் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார்கள். அப்பா பெருமையாக ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"வூட்டாண்ட முருங்கை மரம் இருக்குதாண்ணே?" என்று கேட்டார்கள்.

"கீது."

"அத்த யாரு துன்றாங்க?"

அப்பா சற்று யோசித்து, "பக்கத்து வூட்டு ஆடு" என்றார்.

"அப்ப ஆட்டுக்கு ரத்தம் நல்லா இருக்கும். பொண்ணுக்கு எங்கருந்து வரும்?"

நான் சிரித்திருப்பேன், உயிர் போகிற பயம் இல்லாமல் இருந்திருந்தால். பிறகு அவர்கள் பொறுமையாக எடுத்துச் சொன்னார்கள். ஆப்பிள் கெட்டதல்ல, ஆனால் அதன் விலைக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை. பட்டை தீட்டிய அரிசியில் தவிட்டோடு பாதிச் சத்து போய்விடுகிறது. முருங்கைக்கீரை, கேவுரு, வேர்க்கடலை, முட்டை, கருவாடு என்று நாம் மட்டமாக நினைப்பதில்தான் இந்தப் பெண்ணுக்கு வேண்டியது இருக்கிறது. கீரையோடு எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டால் அதிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேரவிடாது. அங்கே கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் நிறுத்தக்கூடாது.

அப்பா என்னைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தார்.  வீட்டுக்கு வந்ததும் துரட்டியை எடுத்துக்கொண்டு முருங்கை மரத்தடிக்குப் போனார். அம்மாவைக் கேவுரு மாவு வாங்கிவரச் சொன்னார்.

மறுநாள் காலையில் கூழ் என் முன்னால் வந்தது. அந்த வாசனைக்கே எனக்குக் குமட்டியது. இத்தனை வருஷமாக இதைக் கேவலம் என்று சொல்லி வளர்த்துவிட்டு இப்போது குடி என்றால் எப்படி இறங்கும் என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டேன்.  அப்பா என் கையிலிருந்த டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எறங்குது பாரு. இப்ப நீ குடி."

குடித்தேன். அதன்பிறகு தினமும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து இருவரும் குடித்தோம். ரத்தம் கொஞ்சம் ஏறியது, ஆனால் போதவில்லை. நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

அதற்குள் வளைகாப்பு வந்தது. மாமியார் வீட்டில் சபை நிறைய ஆட்கள். பெண் வீட்டு முறைப்படி எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் என்று ஏழு வகைச் சோறு கொண்டுபோய் இறக்கினோம். அப்பா தனியாக ஒரு தூக்குவாளியையும் கையில் பிடித்திருந்தார். எனக்கு இலை போட்டதும் அவரே வந்து தூக்கைத் திறந்து, முருங்கைக்கீரை போட்டுத் தட்டிய கேவுரு அடையை எல்லார் முன்னிலையிலும் என் இலையில் வைத்தார்.  அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, முகம் சிவந்துவிட்டது. கூலிக்காரர் வீட்டுத் தீனியை நல்ல நாளில் சபையில் வைத்து எங்களை அவமானப்படுத்துகிறீர்களா என்று கேட்டார்கள். ஐயோ, சண்டை வந்து இந்தச் சம்பந்தமே முறிந்துவிடுமோ என்று பயந்தேன்.

அப்பா தூக்கை மூடிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். 

"சம்பந்தியம்மா, சோறு ஏழு கலர்ல கீது, ஏழும் ஒரே அரிசிதான். எம் பொண்ணுக்கு ரத்தம் பத்தல. ஆமா, நான் கூலிக்காரன்தான், இத்தத் துன்னுதான் வளந்தேன். இவ உசுரோட பெத்து எழுந்துக்கட்டும். அப்பால இன்னா வேணா பேசுங்க, கேட்டுக்கறேன்."

கேவுரு தின்று வளர்ந்த கதையைப் பெற்ற மகளிடமே ஒரு தடவைக்கு மேல் சொல்லாதவர், அதை அத்தனை பேர் முன்னால் சொன்னார். நான் தலை நிமிராமல் அந்த அடையை முழுக்கத் தின்றேன். அத்தை எழுந்துபோய் எலுமிச்சம்பழம் ஒன்றை நறுக்கி வந்து என் இலை ஓரத்தில் வைத்தார்கள். அப்பாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. ரத்தம் நிறையவே போனது. முதலில் இருந்த நிலையில் வந்திருந்தால் கையை விரித்திருப்போம், எப்படியோ தேற்றிக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று டாக்டரம்மா சொன்னார்கள். அப்பா வெளியே போய் ஒரு டீ வாங்கிக் குடித்தாராம்.

அதற்குப் பிறகும் அவர் கூழை விடவில்லை. பேத்தி முகத்தைச் சுளித்தால் எதிரில் உட்கார்ந்து குடித்துக் காட்டுவார். போகப் போக, அப்பாவுக்குக் கூழ் என்றால் உயிர் என்று சொந்தத்தில் பேச்சாகிவிட்டது. பக்கவாதம் வந்து படுத்த கடைசி நாட்களில் தம்பியும் அப்படி நினைத்துத்தான் கூழ் கரைத்து எடுத்து வந்தான். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டுக் குழறிக் குழறிச் சொன்னார்.

"எனக்கு இது எப்பவுமே புடிக்கலமா. கொஞ்சம் சோறு போடேன்."

ரசம் விட்டுக் குழையப் பிசைந்து ஊட்டினேன். நாலு வாய் வாங்கிக்கொண்டார்.

நேரம் பார்க்காமல் ஆட்டோ ஓட்டி வந்த எதிர்வீட்டுத் தம்பிக்கும், அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்கவும் குளிப்பாட்டவும் முறை வைத்து வந்த தொழிற்சாலை நண்பர்களுக்கும், ஓய்வு பெற்ற பின்னும் தேடி வந்து மாலை போட்ட நர்சம்மாவுக்கும், அன்று எலுமிச்சம்பழம் நறுக்கிய என் அத்தைக்கும் எங்கள் குடும்பம் என்றென்றும் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

இன்றைய பந்தியில் உங்கள் இலையில் கேவுரு அடையும் முருங்கைக்கீரையும் இருக்கும். தயவுசெய்து ஒதுக்கி வைக்காதீர்கள். அப்பாவின் படையலில் மட்டும் அவை இருக்காது. எங்களுக்காகக் குடித்தது போதும். அவர் இலையில் வெள்ளைச் சோறு மட்டும் நிறையப் போட்டிருக்கிறேன்.