களத்து வாட்டம்

அந்தக் காரை வாங்கியபோது ஊரில் பாதிப் பேர் சிரித்தார்கள். ஏலக்காய் வியாபாரம் செய்கிறவளுக்கு எதற்கு இரண்டே பேர் உட்காரும், பின்பக்கம் இன்ஜின் வைத்த, தரையை உரசிக்கொண்டு போகிற கார் என்று கேட்டார்கள். எனக்குப் பிடித்திருந்தது, வாங்கினேன். பழைய வண்டிதான். ஆனால் ஆக்சிலேட்டரில் கால் பட்டால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

ஆயில் மாற்றுவதுதான் தலைவலி. போடியில் கேட்ட இடத்திலெல்லாம் ஆளை விட்டால் போதும் என்று கும்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் லாரியில் ஏற்றிக் கொச்சிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. என் கணவர் போடிமெட்டுக்குத் தோட்ட ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்புகள் வைத்திருக்கிறார். ஜீப்பைத் தவிர வேறெதுவும் அவருக்கு வண்டி இல்லை. என்னைக் கேட்காமலே, விற்றுவிடலாம் என்று மதுரையில் ஓர் ஆளைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை வந்து காரைப் பார்க்கச் சொல்லிவிட்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "நானே ஆயில் மாத்துறேன். சரியா வந்துச்சுன்னா வண்டி இங்கதான் நிக்கும். கெடுத்துட்டேன்னா அந்த ஆளுக்கே குடுத்துருங்க" என்றேன்.

"நீயா?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே செய்யலாம் என்றிருந்தது.

சனிக்கிழமை காலை, எங்கள் ஏலக்காய் குடோனுக்கு முன்னால் இருக்கும் சிமெண்ட் களத்தில் வேலையை ஆரம்பித்தேன். ஜீப்பின் ஜாக்கி காருக்கு அடியில் நுழையவே இல்லை. தேக்குப் பலகைகளைப் போட்டு அதன்மேல் காரை ஏற்றி, பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டுகளில் நிறுத்தினேன். மல்லாக்கப் படுத்து அடிப்பக்க போல்ட்டைக் கழற்றியதும் பழைய ஆயில் சுடச்சுடக் கொட்டியது. முழங்கை வரை கறுப்பு. ஃபில்டரை மாற்றினேன், புது வாஷர் போட்டு போல்ட்டை முறுக்கினேன், காரைக் கீழே இறக்கிப் புத்தகத்தில் சொன்ன அளவுக்குப் புது ஆயிலை ஊற்றினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு சோலிக்கும் உதவவில்லை.

இந்தக் காரில் ஆயிலைக் குச்சி விட்டுப் பார்க்க முடியாது. இன்ஜின் சூடானதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் திரை சொல்லும். சொல்லியது: குறைவு.

புத்தகத்தை மறுபடி புரட்டினேன், ஊற்றிய அளவு சரிதான்.

"பாத்தியா, பத்தல. மலைக்கு ஒரு டம்ளர் சேத்து ஊத்து" என்றார்.

எங்கள் பக்கத்து ஜீப்காரர்கள் யாரும் சொன்ன அளவோடு நிறுத்துவதில்லை. லோடோடு கொண்டை ஊசி வளைவுகளில் ஏற வேண்டுமே என்று ஒரு டம்ளர் கூடுதலாக ஊற்றுவார்கள். அதற்கு 'மலைக்கு' என்று பெயர். ஜீப் அதையும் குடித்துவிட்டுப் போகும். என் காரில் அது கூடுதலானால் புகை கக்கி இன்ஜினே பாழாகும். ஆனால் திரை குறைவு என்கிறதே. டப்பாவைக் கையில் எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் தரையைப் பார்த்தேன். புனலிலிருந்து சிந்திய ஆயில் அங்கேயே நிற்காமல், மெல்லிய கோடாகக் களத்தின் மூலைக்கு ஓடிக்கொண்டிருந்தது.

வாட்டம். மழைத்தண்ணீர் நிற்காமல் ஓட வேண்டும் என்று, இந்தக் களம் போடும்போது கொத்தனார் தலைமேல் நின்று, வாட்டம் பத்தாது, இன்னும் கொடு என்று வாங்கியவளே நான்தான். சாய்வில் நிற்கிற கார் அளவை எப்படிச் சரியாகச் சொல்லும்?

"ரசமட்டத்தக் கொண்டாங்க. வெரசா" என்றேன். நம்பாமல்தான் கொண்டுவந்தார். களத்தில் வைத்ததும் குமிழி ஓர் ஓரத்துக்கு ஓடியது. குடோனுக்குள் மூட்டை அடுக்கும் தரையில் வைத்தோம், நடுவில் நின்றது. காரை உள்ளே ஓட்டி நிறுத்திக் காத்திருந்தேன். திரையில் கோடு மெதுவாக ஏறி, உச்சியைத் தொட்டு நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அழுக்குக் கையோடு அவர் தோளில் ஓங்கித் தட்டினேன். வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் பதிந்தது.

அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போடிமெட்டுக்கு ஏற்றினேன். வளைவுக்கு வளைவு இன்ஜின் பாடிக்கொண்டே வந்தது. மேலே போய் நிறுத்தி, குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"போனப் போடுங்க" என்றேன்.

போட்டார். "அண்ணே, நாளைக்கு வர வேண்டாம். வண்டி விக்கல." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் என்னண்ணே செய்ய? அது அவுக வண்டி. அவுகதான் பாத்துக்கிறாக."

கல்யாணம் ஆன நாளிலிருந்து, பிறரிடம் என்னைப் பற்றிப் பேசும்போது 'அவ' என்றுதான் சொல்லிவந்தார்.