முதலில் மெஷினைப் பார்

தேர்வாய் கண்டிகையில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. பொருள் ஃபெயில் ஆனால் முதலில் மெஷினைத்தான் பார்க்க வேண்டும். ஆளைக் குறை சொல்வதெல்லாம் அப்புறம். தரச் சோதனைப் பிரிவிலேயே காலம் தள்ளியவன் நான். வீட்டிலும் அதே புத்திதான்.

மனைவி இறந்த பிறகு கும்மிடிப்பூண்டி வீட்டில் நான் மட்டும்தான். கல்யாணமாகி ஓசூரில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கூப்பிடுவாள். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் என் வாரம் ஓடும். ஆனால் நாலு வார்த்தை பேசுவதற்குள், "அப்பா, உன் போனு ஹேங் ஆவுதுப்பா. அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாள். போன் பழசு, உண்மையிலேயே திணறும்; படம் அப்படியே உறைந்து நிற்கும். அதைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாமா என்று இருக்கும்.

பஜாரில் போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டை எடுத்து வைத்தார்.

"இது எட்டு ஜிபி ராம் சார், அது ஆறுதான். இன்னா யோசன? இத்தயே எடுத்துக்கினு போ சார்."

வெளுத்ததெல்லாம் பாலா? பெட்டியைத் திருப்பினால் பொடி எழுத்தில் நாலு கூட்டல் நாலு. சொந்த ராம் நாலுதான். மீதி, ஸ்டோரேஜில் இடம் பிடித்து ராம் என்று பேர் வைத்தது. பக்கத்து வீட்டு அண்டாவை நம் வீட்டுக் கணக்கில் சேர்ப்பது மாதிரி. பிராசசரும் பழைய ரகம்.

தொழிற்சாலையில் செய்வதுபோல இரண்டுக்கும் ஒரே சுமையைக் கொடுத்தேன். மேப், கேமரா, கேம் என்று வரிசையாகத் திறந்துவிட்டு மறுபடி மேப்புக்கு வந்தேன். எட்டு ஜிபி போன் எல்லாவற்றையும் மறந்து முதலிலிருந்து ஆரம்பித்தது. ஆறு, விட்ட இடத்திலேயே நின்றது. கடைசியாக வீடியோ காலையும் பார்த்துவிடலாம் என்றால், யாரைக் கூப்பிடுவது? மகளுக்கு ஞாயிறுதான் நேரம். யோசித்துப் பார்த்தேன், வேறு ஒருவரும் இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கூப்பிட்டு, "சாப்டியா?" என்று கேட்டேன். இரண்டு திரையிலும் என் மூஞ்சிதான்.

"இன்னா சார், உன்னாண்ட நீயே பேசிக்கினு கீற?" என்று கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். ஆறு ஜிபியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்த ஞாயிறு மகள் கூப்பிட்டாள். புதுப் போன் சங்கதியைக் கடைசியில் சொல்லி அசத்தலாம் என்று வைத்திருந்தேன். மீன் குழம்பு வைத்ததைச் சொன்னேன், முட்டிவலியைச் சொன்னேன். படம் துளிகூட உறையவில்லை. அவள் முகத்தை இத்தனை தெளிவாகப் பார்த்துப் பல காலம் ஆயிற்று. கண்ணுக்குக் கீழே கருவளையம். நான் பேசப் பேச, அறையில் இருந்த யாரிடமோ, "இதோ வரேன்" என்று கை காட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, உன் போனு ஹேங் ஆவுதுப்பா. அப்பறம் பேசறேன்."

மெஷினில் கோளாறு இல்லை. புதுசு வாங்கியதைச் சொல்ல வாயெடுத்தவன் சொல்லவில்லை. என் மகள் பொய்க்காரி ஆகிவிடக் கூடாதே என்று, திறந்த வாயை மூடாமல், கண்ணைக்கூட இமைக்காமல், அவள் வைக்கும்வரை அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.