நீலக் குப்பியும் காய்ச்சிய தண்ணீரும்

என் எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆறு வருஷமாக வாயால் சொல்ல முடியாததைத் தாளில் எழுதுகிறேன். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மாதுங்காவில் நான் வார்டு ஆளாக இருக்கும் ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் அறை அலமாரியில் ஒரு நீலக் குப்பி நிற்கும். கையால் தடவினாலே விஷம் என்று தெரிவதற்காகக் கண்ணாடியில் வரிவரியாக மேடு இருக்கும். உள்ளே இருப்பது குளோரோபாரம். நோயாளியின் மூக்கின் மேல் கம்பிக் கூட்டை வைத்து, அதைப் போர்த்திய துணியில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். பிறகு அந்தத் துணியை அலசிக் காயப்போடுவது என் வேலை. அது இனிப்பாக நாறும், அழுகத் தொடங்கிய பழம் போல. அந்த நாற்றம் பட்டால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

யுத்த காலத்தில் என் அண்ணன் மனைவிக்கு, என் மதனிக்கு, வயிற்றில் கட்டி வந்தது. தாராவியில் அண்ணன் வீட்டு ஒற்றை அறையில்தான் நானும் இருந்தேன். பெண்கள் முன்னால் எனக்கு நாக்கு எழாது. மதனி அதற்கும் சேர்த்துப் பேசுவாள். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே இடம் கேட்டு வாங்கினேன். "கொழுந்தனாரே, உம்ம ஆஸ்பத்திரியில ஆளத் தூங்க வைக்கதுக்கு மருந்து இருக்காம்லா. உங்க அண்ணன் கொறட்டைல நான் தூங்கிப் பத்து வருசமாச்சு. கொஞ்சம் கூடவே ஊத்தச் சொல்லும்" என்றாள். அண்ணனும் சிரித்தார்.

வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று டாக்டர் சொன்னதை வீட்டில் சொன்னவன் நான். மதனி அதையே விரதமாக்கிக்கொண்டாள். கத்தி வைத்து முடியும் வரை பச்சைத் தண்ணீர் மட்டும் என்று முத்தாரம்மனுக்கு நேர்ந்தாள். ஒரு நாள் முன்னதாகவே ஆரம்பித்தாள். குறித்த காலையில் டாக்டர் தாதரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். நாளைக்கு என்றார்கள். மறுநாளும் நாளைக்கு என்றார்கள். விரதத்தின் நாலாம் நாள் காலையில் அவள் சுவரைப் பிடித்துத்தான் எழுந்தாள். அப்போதும், "அம்மன் என்னைய பட்டினி போட்டுப் பாக்கா, டாக்டரு கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுப் பாக்காரு" என்றாள்.

அவள் பட்டினி கிடப்பதை டாக்டரிடம் சொல்லலாம் என்று அவர் அறை வாசல் வரை போனேன். உள்ளே யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். திரும்பிவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அன்று ஆபரேஷன் மேஜையில் அவள் கையைப் பிடித்திருந்தவனும் நான்தான். கட்டி பெரிது, நேரம் நீண்டது, துணியில் திரும்பத் திரும்ப ஊற்றினார்கள். சாயங்காலம் கண் விழித்து என்னிடம் பேசினாள். இரண்டாம் நாள் வாந்தி நிற்கவில்லை. மூன்றாம் நாள் கண்ணும் தோலும் மஞ்சள். வாயைத் துடைக்கக் குனிந்தேன். மூச்சு இனிப்பாக நாறியது. ஐந்தாம் நாள் யாரையும் தெரியாமல் பிதற்றி, அடங்கிப் போனாள்.

டாக்டர் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டே அண்ணனிடம், "தாராவித் தண்ணி. அதைக் குடிச்சா காமாலை வராம வேற என்ன வரும்?" என்றார். அண்ணன் இடுப்பை வளைத்து, "ஆமாங்கய்யா" என்றார். விரத நாட்களில் அவள் குடித்த தண்ணீரைக் குழாயடியில் நின்று பிடித்து வந்தவர் அவர். வீட்டுக்கு வந்து அந்தக் குடத்தைப் போட்டு உடைத்தார்.

பத்து நாள் கழித்து நான் எங்கள் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் மெல்லக் கேட்டேன். பாலக்காட்டுக்காரர், வெற்றிலையை மென்றபடியே சொன்னார்: "தண்ணியாவது ஒண்ணாவது. குளோரோபாரம் சிலருக்கு ஈரலைக் கெடுத்துடும். பட்டினி கெடந்த ஒடம்புன்னா கேக்கவே வேண்டாம். முன்னாடி ரெண்டு நாள் சக்கரைத் தண்ணி குடுத்திருந்தா ஒருவேளை பொழச்சிருப்பா. புஸ்தகத்துலயே இருக்கே, டாக்டருக்குத் தெரியாதா? பட்டினின்னு அவரண்டை யார் சொன்னா?" பிறகு ஜன்னலுக்கு வெளியே எச்சிலைத் துப்பினார்.

டாக்டரை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது. நாளைக்கு நாளைக்கு என்று காக்க வைத்தவர், சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கம்பவுண்டரின் சிவந்த வாயும் அருவருப்பு. ஆனால் வாசல் வரை போய்த் திரும்பிய என் கால்கள்தான் எல்லாவற்றையும்விட.

அண்ணன் இன்றும் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சுகிறார். விருந்தாளி வந்தால் ஆறும் வரை தம்ளரைத் தொட விடமாட்டார். "நான் புடிச்சாந்த தண்ணிலா" என்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அதையே ஊதி ஊதிக் குடிக்கிறேன்.

இன்று காலை ஒரு பெண்ணை மேஜையில் ஏற்றினார்கள். "எப்பம்மா சாப்பிட்ட?" என்று கேட்டேன். டாக்டர் முறைத்தார். நேற்று கஞ்சி குடித்ததாக அவள் சொன்ன பிறகுதான் நீலக் குப்பியை எடுத்துக் கொடுத்தேன். துணியை அலசிவிட்டுக் கையை மூன்று தரம் கழுவினேன். முகர்ந்தால் அதே இனிப்பு.

அண்ணனுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். முதலில் இதை அவர் கையில்தான் கொடுக்கப் போகிறேன்.

1949, ஐப்பசி மாதம் ஒன்பதாம் தேதி.