செல்லனேரியில் மான் இல்லை

செல்லனேரிப் பூங்காவின் டிக்கெட் கவுண்டரில் ஆறு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள் சுகுணா. மொரப்பூரிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஏரி, கரையில் பூங்கா, நாலு மிதிபடகு, வரிசையாக மீன் வறுவல் கடைகள், மூன்று லாட்ஜ். ஊர் அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை சேலம், ஓசூர் பக்கமிருந்து கார்கள் வரும். மற்ற நாளில் ஆடுதான் மேயும்.

போன தை மாதம் பேரூராட்சி அதிகாரி வந்தார். "மெயின் ரோட்டுல பெரிய போர்டு வைக்கப் போறோம்மா. ஊர் வரலாறு, பார்க்கற எடம் எல்லாம் வேணும். நீ ஹிஸ்டரி படிச்சவதானே? எழுதிக் குடு."

அவள் படிப்பைப் பற்றி அதுவரை யாரும் கேட்டதில்லை. லீவு போட்டுவிட்டு அலைந்தாள். "எங்க ஆளுங்க தோண்டுன ஏரி இது. பஞ்சத்துல ஒருவேளைக் கூழுக்கு மூணு வருசம் மண்ணு சொமந்தாங்க" என்றாள் மீன் கடை ரோசம்மாள். எதிர்க்கரையில் முள்ளுப் புதருக்குள் வில்லேந்திய வீரனின் நடுகல் ஒன்று கிடந்தது. கையெல்லாம் கீறிக்கொண்டு போய்ப் பார்த்தாள். காலையில் எங்கே நின்றால் சித்தேரி மலை தண்ணீரில் தெரியும், எந்த மாதம் நாரைகள் வரும் என்று எல்லாம் சேர்த்து நாலு பக்கம் எழுதிக் கொடுத்தாள்.

சித்திரையில் போர்டு வந்தது. 'இயற்கை அன்னை ஈன்றெடுத்த எழில்மிகு ஏரி! மான் பூங்கா! இசை நீரூற்று! ரோஜாத் தோட்டம்!' ஆள் உயரத்துக்கு ஒரு புள்ளிமான் படம்.

மான், நீரூற்று, ரோஜா ஒன்றுகூட ஊரில் கிடையாது.

அந்த ஞாயிறே ஆரம்பித்தது. ஓசூர்க்காரர் ஒருவர் கவுண்டரைத் தட்டினார். "டிக்கெட் மட்டும் கிழிக்கறீங்க, மான் எங்கம்மா?"

"மான் இல்லீங்க சார். போர்டுல தப்பாப் போட்டுட்டாங்க."

"அப்போ இது ஏமாத்து வேலைதானே?"

பக்கத்திலிருந்த அவர் மனைவி சுகுணாவை வீடியோ எடுத்தாள். சாயங்காலத்துக்குள் அது வாட்ஸ்அப்பில் ஊரைச் சுற்றிவிட்டது.

மறுநாள் அதிகாரியிடம் போனாள். "நான் எழுதினது என்னாச்சுங்க சார்?"

"போர்டு அடிக்கறவன்கிட்ட குடுத்தேம்மா. நாலு பக்கத்தை யாரு படிப்பா? வேற ஊரு போர்டைப் பார்த்துப் போட்டுட்டான். நல்லாத்தானே இருக்கு?"

"ஒண்ணுகூட நெசமில்லீங்களே."

"நாளைக்கு வந்தாலும் வரும்."

மேலே மனு கொடுத்தாள். மனு சுற்றிச் சுற்றி அதே அதிகாரியின் மேசைக்கே வந்து சேர்ந்தது. போர்டை மாற்ற நிதி இல்லை என்று பதில் வந்தது.

ஆடிப்பெருக்கு அன்று கூட்டம் நெரிந்தது. மான் எங்கே, மான் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி அவளுக்குக் குரல் கம்மிவிட்டது. ஒரு பெண் டிக்கெட்டைச் சுருட்டி அவள் முகத்தில் எறிந்துவிட்டுப் போனாள். வீட்டுக்குப் போய் சுகுணா சாப்பிடவில்லை.

மறுநாள் காலை கணவன் பூவரசனின் சரக்கு ஆட்டோவில் ஏணியும் கறுப்புப் பெயிண்டும் ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போனாள்.

"வேலை போயிட்டா என்ன பண்றதுன்னு யோசிச்சியா?" என்றான் பூவரசன்.

"யோசிச்சுட்டுத்தான் ஏர்றேன். ஏணியைக் கெட்டியாப் புடிங்க."

மான், நீரூற்று, ரோஜா மூன்றையும் அழித்தாள். மேல்வரிக்கு ஏணி எட்டவில்லை. அவளை அதிகமாக எரிச்சல்படுத்திய பொய் அதுதான். மூன்று வருஷம் மண் சுமந்தவர்களை விட்டுவிட்டு இயற்கை அன்னைக்குப் போன பெயர்.

அதிகாரி விளக்கம் கேட்டார். 'இல்லாததை அழித்தேன்' என்று எழுதிக் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு டிராயரில் போட்டார். அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைக்காது என்பதால் வேலை தப்பியது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கார்கள் பாதியாகக் குறைந்தன. லாட்ஜ் முதலாளி ராஜாமணி டிக்கெட் கவுண்டருக்கே வந்து கத்தினார். "மானைப் பார்க்கலாம்னுதாம்மா ஜனம் வந்துச்சு. வந்தவங்க மீன் தின்னாங்க, ரூம் போட்டாங்க. அதை அழிச்சு நீ என்னத்தைக் கண்டே?"

"திட்டு வாங்கினது நான்தானுங்களே அண்ணா."

அவர் லாட்ஜுக்குத் திரும்பிப் போனார். அன்று மதியம் வரை பதினோரு டிக்கெட். அதிகாரி மேல் கோபம், ராஜாமணி மேல் கோபம். அவர் கேட்டதில் பாதி நியாயம் இருந்ததே, அதன் மேல்தான் இன்னும் கோபம்.