பையில் இருந்தது பூ

ஒத்தக்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. காலை ஏழு மணி. ஹசனின் விமானம் மதியம். நடுவில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையைக் காட்டினால் என்ன?

ஹசன் கென்யாக்காரர். ஆப்பிரிக்க நாடுகள் கூடிப் பயங்கரவாதத்தைத் தடுப்பது பற்றி எங்கள் கல்லூரிக் கருத்தரங்கில் பேச வந்தவர். ஒரு நாட்டின் சந்தேகம் உடனே எல்லா நாடுகளுக்கும் போக வேண்டும் என்று முதல் நாள் மேடையில் நான் முழங்கினேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "எங்கள் ஊர்ச் சந்தையில் வெடித்ததைப் பார்த்தவன் நான். எனக்கும் அது வேண்டும். ஆனால் தேடப்படும் ஒருவனுக்கும் என் பெயர்தான். நான் அவனில்லை என்று ஒவ்வொரு விமான நிலையத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்." கைதட்டல் எனக்குத்தான் அதிகம் கிடைத்தது.

சந்தைக்கு ஐந்து கிலோமீட்டர். ஆட்டோ, பக்கத்து வீட்டு முருகேசன் அண்ணனுடையது. ஊரில் இருக்கும் தன் அம்மாவுக்கென்று ஹசன் கால் கிலோ மல்லிகை மொட்டு வாங்கினார், இருநூறு ரூபாய். "குண்டுமல்லி சார், நாளைக்கு வரைக்கும் வாடாது" என்றார் பூக்காரம்மா. பூவின் முழுப்பெயர் ஹசன் நாக்கில் நிற்கவில்லை. "குண்டுன்னாலே போதும்" என்றேன். சந்தையில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

விமான நிலையம் போகும் வழியில், அவனியாபுரம் வரும்வரை அண்ணன் தமிழ்ப் பாடம் நடத்தினார்.

"பையில என்ன சார்?"

"குண்டு."

"எம்புட்டு?"

"கால் கிலோ."

"மாப்ள, உனக்கு முன்னாடி இவரு தமிழ்ல பாஸாயிருவாரு போல."

பதினோரு மணிக்கு விமான நிலைய வாசல். எனக்கு உள்ளே அனுமதியில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கையசைத்தேன். வாசலுக்கு உட்புறம் நின்ற காவலர் தமிழர். பொட்டலத்தைக் காட்டி ஏதோ கேட்டார். ஹசன் முகம் மலர்ந்து பதில் சொன்னார். அடுத்த நொடி மூன்று பேர் அவரைச் சுற்றி நின்றார்கள்.

நான் கத்தியது கண்ணாடியைத் தாண்டவில்லை. விமானம் போனபின்தான் ஹசன் வெளியே வந்தார். கையில் பொட்டலம், பிரிந்து கிடந்தது.

"மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். பூவென்று தெரிந்ததும் சிரித்தார்கள். ஆனால் என்னை நிறுத்தி விசாரித்ததைப் பதிவு செய்துகொண்டார்கள்."

"பூன்னு பதிஞ்சாங்களா?"

"தெரியவில்லை." பொட்டலத்தை மடித்துக்கொண்டே, "இனி அவன் பெயரோடு இதையும் கேட்பார்கள்" என்றார்.

அந்தக் காவலரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கேட்ட சொல்லைக் கேட்டபடி எடுத்துக்கொண்டார். மேடையில் நான் கேட்டதும் அதைத்தானே? மதுரையில் மணக்கிற சொல் வாசலைத் தாண்டியதும் வேறாகிவிடும் என்று எனக்குத்தான் தோன்றவில்லை.

ஹசனோடு திரும்பும் வழியில் யாரும் பாடம் நடத்தவில்லை. ஒத்தக்கடை வந்ததும் அண்ணன்தான் பேசினார். "காலையில மறுபடி வாரேன் மாப்ள. பூதான்னு எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குவோம். நீ வாயத் தொறக்காத, நான் பேசிக்கிறேன்."

கருத்தரங்குக் குழுவின் கூட்டத்தில் வைக்க நான் எழுதும் தீர்மானம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சந்தேகம் போன வாசலுக்கெல்லாம் அது தீர்ந்த செய்தியும் போக வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். கூட்டத்தில் ஒப்புக்கொள்வார்களா, தெரியாது. முதலில் அந்த ஒரு வாசலில் கேட்டுப் பார்க்கப்போகிறோம்.