விதைக் கோதுமையும் மிதக்கும் முட்டையும்

“கோதுமைக்குக்கூட நர்ஸு வெச்சிகிறாங்கோ, பாத்தியா மாமு!”

ராயபுரம் டிராமில் பின் இருக்கையிலிருந்து காதில் விழுந்தது. என்னைத்தான். திரும்பிப் பார்க்க வெட்கம், மறுக்கவும் வழியில்லை. தாவர சாஸ்திரத்தில் பட்டம் வாங்கிவிட்டு, கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு தானியக் கிடங்கில் விதைகளைப் பூதக்கண்ணாடியால் சோதிப்பது என் உத்தியோகம். இந்த வைத்தியத்தில் நோயாளி வாய் திறப்பதில்லை. சுற்றி நிற்பவர்கள்தான் பேசுவார்கள். இப்படியொரு பிழைப்பில் மாட்டியவர்களுக்கு நான் மேலே சொல்லவே வேண்டாம்.

கறுப்பு மணி

வடக்கேயிருந்து விதைக் கோதுமை வந்திறங்கியது. அதை வாங்கிப் போக நீலகிரியிலிருந்து போஜன் என்ற விவசாயி வந்திருந்தார். போன பட்டத்தில் அவர் வயலில் கதிர்கள் முறுக்கிக்கொண்டு, மஞ்சள் பசை வடிந்து, மணியே பிடிக்கவில்லையாம். இந்த முறையும் பொய்த்தால் தேயிலைத் தோட்டத்துக் கூலிதான் என்றார்.

ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். நல்ல மணிகளுக்கு நடுவே கறுத்து உருண்ட பொய் மணிகள். அவற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத புழு. அதோடு ஒட்டிக்கொண்டு, மஞ்சள் பசைக்குக் காரணமான பாக்டீரியா. புழு ரயில் என்றால் இது டிக்கெட் இல்லாப் பயணி. விதைத்தால் இரண்டும் சேர்ந்து பயிரில் ஏறிவிடும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. கிடங்கு முதலாளி நல்ல மணி ஒன்றைப் பொறுக்கிக் கடித்துப் பார்த்தார்.

“ருசியிலே ஒரு கொறையும் இல்லியேம்மா!”

கடல் இருக்க உப்பெதற்கு?

பொய் மணி லேசானது. கெட்டியான உப்புத் தண்ணீரில் கொட்டினால் மிதக்கும். அதை அரித்தெடுத்து எரித்துவிட்டு, அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்தால் விதைக்கலாம். மேஸ்திரி ஏழுமலையிடம் உப்புத் தண்ணீர் தயார் செய்யச் சொன்னேன். கூப்பிடு தூரத்தில் கடல் இருக்கிறது. அவர் பீப்பாய் பீப்பாயாகக் கடல் தண்ணீரை மொண்டுவந்து தொட்டியில் ஊற்றிவிட்டார். கோதுமையைப் போட்டதில் பொய் மணி ஒன்றிரண்டுதான் மேலே வந்தது.

“எல்லாம் முங்கிகிச்சு பாரும்மா. நோவும் இல்ல, ஒண்ணும் இல்ல. மூட்டையைக் கட்டிடலாமா?”

வாசல் தாண்டாத முட்டை

கடலின் உப்பு போதாது. எண்ணூர் உப்பளத்து உப்பைக் கூடை கூடையாகக் கரைக்க வேண்டும். கோழிமுட்டையைப் போட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பக்குவம். ஆனால் முதலாளி சுத்த சைவம். கிடங்குக்குள் லட்சுமி படம். முட்டை அந்த வாசலைத் தாண்டியதே இல்லை. தானியம் புடைக்கும் கன்னியம்மா தன் வீட்டு முட்டையொன்றை முந்தானையில் முடிந்துகொண்டு வர, முதலாளி நிலைப்படியில் குறுக்கே நின்றார். லட்சுமி போய்விடுவாள் என்றார்.

“லச்சுமி இன்னா நைனா, கோழி இல்லாத வூட்டுக்குத்தான் வருவாளா?”

தெருவிலே தொட்டி

முட்டை மிதக்காமல், விதைக்கத் தகும் என்ற சீட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை; முதலாளிக்குக் கேட்டுவிட்டது. தொட்டியைத் தெருவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். உப்பு கரையக் கரைய முட்டை மேலே வந்தது. கோதுமையைக் கொட்டினோம். பொய் மணிகள் கறுப்பு ஆடையாக மிதந்தன. போஜன் குந்தி உட்கார்ந்து, ஒரு கை அள்ளிப் பார்த்தார்.

“இதையா போன தடவை என் கையாலேயே விதைச்சேன்?”

பாதி மூட்டைகள் பாக்கி இருக்கையில், துறைமுகத்துக்குப் போகும் மாட்டு வண்டிகள் தெருவை அடைத்துக்கொண்டன. தொட்டியைக் கவிழ்த்து உள்ளே இழுத்து, புதிதாக உப்புக் கரைத்தோம். மறுபடி பக்குவம் பார்க்க வேண்டும். கன்னியம்மா முட்டையோடு வாசலிலேயே நின்றாள். எல்லோரும் முதலாளியைப் பார்த்தோம். அவர் மேல்துண்டை எடுத்து லட்சுமி படத்தை மூடினார். பிறகு கன்னியம்மாவிடமிருந்து முட்டையைத் தம் கையால் வாங்கிவந்து, தொட்டியில் மெல்ல விட்டார்.